பழைய கேமரா உண்மையில் செத்துவிட்டதா? பேட்டரி அறையைச் சுத்தம் செய்து பற்றவைக்கும் வழிமுறை

தாத்தா வைத்திருந்த பிலிம் கேமரா நம்மில் பலர் வீட்டு அலமாரியில் இன்னும் கிடக்கிறது. தோல் உறையைத் திறந்து, புதுப் பேட்டரி போட்டு, பொத்தானை அழுத்திப் பார்க்கிறோம். அசைவில்லை. "இது செத்துப்போச்சு" என்று சொல்லி மீண்டும் மூடி வைக்கிறோம், அல்லது பழைய பொருள் வாங்க வருபவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

பல நேரங்களில் செத்திருப்பது கேமரா அல்ல. உள்ளேயே விடப்பட்ட பேட்டரி ஒழுகி, அதைத் தொடும் உலோகத் தகட்டையும் அங்கிருந்து போகும் சில அங்குல வயரையும் அரித்திருக்கும். லென்ஸ், ஷட்டர், பற்சக்கரங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருக்க, மின்சாரம் மட்டும் உள்ளே போக வழியில்லாமல் நிற்கும். இது பழுதுபார்க்கக்கூடிய கோளாறு. ஆனால் அவசரப்பட்டுச் சூட்டுக் கோலை வைத்தால், பத்து விநாடியில் பேட்டரி அறையின் பிளாஸ்டிக் உருகிவிடும். அந்தப் பாகம் இனி எந்தத் தொழிற்சாலையிலும் தயாராகப் போவதில்லை.

லயங்கள் இடிக்கப்பட்டு, தோட்டம் இருந்த இடம் வீடமைப்புப் பகுதியாகிவிட்ட பிறகு, அந்த வாழ்க்கைக்குச் சாட்சியாக எஞ்சியிருப்பவை குடும்பப் படங்களும் அவற்றை எடுத்த கேமராவும்தான். அதனால் இந்த வேலையில் எதை முதலில் செய்வது, எதைத் தொடக் கூடாது, எங்கே நிறுத்திக்கொண்டு கடைக்குப் போவது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதல் வேலை: உள்ளே படச்சுருள் இருக்கிறதா?

பேட்டரியைப் பார்ப்பதற்கு முன்பு இதைப் பாருங்கள். பின்கதவைத் திறந்துவிடாதீர்கள். உள்ளே கழுவப்படாத சுருள் இருந்தால், வெளிச்சம் பட்ட அந்தக் கணமே படங்கள் அழிந்துவிடும்.

கையால் சுருளைச் சுற்றும் கேமராவாக இருந்தால், மேலே இடப்பக்கம் உள்ள சிறிய மடக்குக் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் சுருள் இல்லை. சற்றுத் திரும்பியதும் இறுக்கிப் பிடித்தால் உள்ளே சுருள் இருக்கிறது. அப்போது அடிப்பக்கத்தில் உள்ள சிறிய பொத்தானை அழுத்திவிட்டு, அதே கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். இறுக்கம் தளர்ந்து கைப்பிடி இலகுவாகச் சுற்றும்வரை சுற்றிய பிறகே பின்கதவைத் திறக்க வேண்டும். மோட்டாரால் சுற்றும் சிறிய கேமராக்களில், பின்கதவில் உள்ள கண்ணாடிச் சாளரம் வழியாகச் சுருள் தெரியும்.

இப்படிக் கிடைக்கும் பழைய சுருளைத் தூக்கிப் போட வேண்டாம். கறுப்பு வெள்ளைச் சுருளில் பல ஆண்டுகள் கழித்தும் உருவங்கள் கிடைப்பதுண்டு. வண்ணச் சுருளில் நிறம் மங்கியிருக்கலாம்; முகங்கள் தெரிய வாய்ப்புண்டு. சுருளைக் கழுவக் கொடுக்கும்போது அது பழையது என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எந்தக் கேமராவுக்குப் பேட்டரி தேவை?

எல்லாப் பழைய கேமராவும் பேட்டரியில் ஓடுபவை அல்ல. 1967இல் வந்த ஒலிம்பஸ் டிரிப் 35 கேமராவில் பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றியுள்ள செலீனியம் தகடு வெளிச்சத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அது ஓடவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

1976இல் வந்த பென்டாக்ஸ் கே1000, 1982இல் வந்த நிக்கான் எஃப்எம்2 போன்றவற்றில் ஷட்டர் முழுக்க இயந்திர முறையில் இயங்கும். பேட்டரி வெளிச்சமானிக்கு மட்டும்தான். பேட்டரி அறை கெட்டுப்போயிருந்தாலும் இவற்றில் படம் எடுக்கலாம். வெளிச்சத்தைக் கணிப்பதற்குக் கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்தலாம். இத்தகைய கேமராவில் பழுதுபார்க்க அவசரமே இல்லை.

1976இல் வெளிவந்த கேனன் ஏஇ-1 வேறு வகை. 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் அதன் ஷட்டர் திறக்காது. 1966இல் தொடங்கிய யாஷிகா எலெக்ட்ரோ 35 வரிசையிலும் ஷட்டரின் வேகத்தை மின்சுற்றுதான் கட்டுப்படுத்துகிறது. இவை போன்றவற்றில் பேட்டரி அறையில் வரும் சின்னத் துரு, முழுக் கேமராவையும் முடக்கிவிடும். "செத்துப்போச்சு" என்ற தீர்ப்பை அதிகம் வாங்கிக்கொள்பவையும் இவைதான்.

பேட்டரி ஏன் ஒழுகுகிறது?

ஆல்கலைன் பேட்டரிக்குள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுமையான காரப்பொருள் இருக்கிறது. பேட்டரி தீர்ந்துபோய்க் கிடக்கும்போது உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகி அழுத்தம் கூடும். ஒரு கட்டத்தில் மூடியின் அடைப்பு விட்டுப்போகும்; காரம் வெளியே கசியும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட் ஆகிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் பொடி அதுதான். செம்பும் பித்தளையும் அரிபடும் இடத்தில் பச்சை, நீல நிறம் தெரியும்.

இந்தக் காரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, வயரின் மேலுறைக்குள் புகுந்து செம்பு இழைகள் வழியாக ஊர்ந்து போகும். வெளியே வயர் புதிது போலத் தெரியும். உள்ளே செம்பு கறுத்துப்போயிருக்கும். தகட்டைப் பளபளவென்று தேய்த்த பிறகும் கேமரா ஓடாமல் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

நம் நாட்டுக் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரப்பதம் அதிகம். தோல் உறை அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறைக்குள் பேட்டரியோடு பல ஆண்டுகள் கிடந்த கேமராவில் அரிப்பும், லென்ஸில் பூஞ்சையும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

தொடக் கூடாத இரண்டு

ஒன்று, ஃபிளாஷ். தனி ஃபிளாஷ் கருவியானாலும், ஃபிளாஷ் உள்ளமைந்த சிறிய கேமராவானாலும், உள்ளே ஒரு பெரிய மின்தேக்கி இருக்கும். நான்கு சாதாரண ஏஏ பேட்டரிகளிலிருந்து அது ஏறத்தாழ 300 வோல்ட் வரை சேர்த்து வைக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்த மின்சாரம் நெடுநேரம் நிற்கக்கூடும். அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். திருப்புளியால் அதன் இரு முனைகளையும் தொட்டு மின்சாரத்தை இறக்கும் பழக்கமும் தவறானது. பொறி பறக்கும், பாகம் கெடும், கை சுடும். ஃபிளாஷ் உள்ள கருவியில் பேட்டரி அறையை வெளியிலிருந்து சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் உடலைத் திறப்பது அனுபவமுள்ளவர் வேலை.

இரண்டு, பேட்டரி. வயரை நேரடியாகப் பேட்டரியின் மீது பற்றவைக்கக் கூடாது. சூடு பட்டால் பேட்டரி வெடிக்கலாம். லித்தியம் வகை தீப்பிடிக்கலாம். நாம் பற்றவைப்பது பேட்டரியைத் தொடும் தகட்டைத்தான். அதுவும் பேட்டரியை வெளியே எடுத்து வைத்த பிறகே.

சுத்தம் செய்யும் முறை

கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். வெள்ளைப் பொடியை வாயால் ஊத வேண்டாம். அது கண்ணிலும் மூக்கிலும் பட்டால் எரியும்.

ஒழுகிய பேட்டரி எந்த வகை என்று பாருங்கள். ஆல்கலைன் பேட்டரியும் பொத்தான் வடிவப் பேட்டரிகளும் காரத்தன்மை கொண்டவை. அவற்றுக்கு வெள்ளை வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு சரி. பழைய கார்பன் துத்தநாகப் பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை கொண்டது. அதற்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பயன்படுத்த வேண்டும்.

பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரில் நனைத்துப் பிழிந்துவிட்டு, ஈரம் மட்டும் இருக்கும்படி துடையுங்கள். பேட்டரி அறையின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கேமராவைப் பிடித்துக்கொண்டால், திரவம் உள்ளே வழியாது. நுரை வருவது நின்றதும், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த குச்சியால் ஒருமுறை துடையுங்கள். வினிகரை அப்படியே விட்டால் அதுவும் உலோகத்தை அரிக்கும். கடைசியாக 90 விழுக்காட்டுக்கு மேலான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காற்றில் நன்றாக உலரவிட வேண்டும்.

மிச்சமுள்ள கறையை 1000 எண் உப்புத்தாளால் மிதமாகத் தேய்க்கலாம். அளவோடு தேய்க்க வேண்டும். தகட்டின் மீதுள்ள நிக்கல் பூச்சு போய்விட்டால், அடியிலுள்ள உலோகம் மறுபடி விரைவில் துருவேறும்.

நாணயத்தால் திருகும் மூடி உள்ள கேமராக்களில், அந்த மூடியே மின்சாரம் போகும் பாதையின் ஒரு பகுதியாக இருப்பதுண்டு. அதன் திருகு வரிகளையும் துடைக்க மறக்காதீர்கள். இந்த இடத்திலேயே பாதிக் கேமராக்கள் உயிர் பெற்றாலும் வியப்பில்லை. புதுப் பேட்டரி போட்டு ஓடினால், வேலை முடிந்தது. பற்றவைக்க வேண்டிய தேவையே இல்லை.

வயரைச் சோதித்தல்

சுத்தம் செய்தும் ஓடவில்லை என்றால் மல்டிமீட்டர் வேண்டும். விலை மலிவான ஒன்றே போதும்.

கேமராவின் அடித்தகட்டைக் கழற்றினால் பல மாதிரிகளில் பேட்டரி வயர் தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஜப்பானியக் கேமராக்களின் திருகுகள் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் நட்சத்திரத் திருப்புளிக்குப் பொருந்துவது போலத் தெரியும். ஆனால் அவை ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரத்தில் செய்யப்பட்டவை. சாதாரணத் திருப்புளி வழுக்கித் திருகின் தலையைச் சிதைத்துவிடும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒட்டுநாடாவில் ஒட்டி வையுங்கள்.

கேனன் ஏஇ-1 போன்றவற்றில் பேட்டரி அறை முன்பக்கம் லென்ஸுக்கு அருகில் இருக்கிறது. அங்கே எட்ட வேண்டுமானால் அதிகம் பிரிக்க வேண்டிவரும். முதல்முறை இந்த வேலையில் இறங்குபவர் அத்தகைய கேமராவில் தொடங்காமல் இருப்பது நல்லது.

பேட்டரியை எடுத்துவிட்டு, மீட்டரை ஓம் அளவில் வைத்து, தொடும் தகட்டிலிருந்து வயரின் மறுமுனை வரை அளந்து பாருங்கள். நல்ல வயர் என்றால் 1 ஓமுக்கும் குறைவாகக் காட்டும். பத்து, இருபது என்று காட்டினாலோ, வயரை அசைக்கும்போது எண் ஏறி இறங்கினாலோ கோளாறு அங்கேதான்.

பிறகு வயரின் முனையில் சில மில்லிமீட்டர் உறையை உரித்துப் பாருங்கள். செம்பு பளிச்சென்று இருந்தால் சரி. கறுத்திருந்தால் இன்னும் சற்று வெட்டுங்கள். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. கடைசிவரை கறுப்பாகவே இருந்தால், முழு வயரையும் அதே தடிமனுள்ள புது வயரால் மாற்ற வேண்டும். சிவப்பு வயர் நேர்மின் முனை என்று நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

தேவையான பொருட்கள்

பற்றவைக்கும் வேலை நம்மவர்களுக்குப் புதிதல்ல. தமிழில் இதற்குப் பற்றாசு என்ற பழைய சொல் இருக்கிறது. பொற்கொல்லர்கள் நகையின் இரு முனைகளைச் சேர்க்கும்போது வெண்காரத்தைத் தடவி, பொடி வைத்து, ஊதுகுழலால் ஊதிப் பற்றவைப்பார்கள். "பொடி வைத்துப் பேசுகிறான்" என்று நாம் சொல்வதும் அந்தப் பட்டறையிலிருந்து வந்த வழக்கு என்பார்கள். வெண்காரத்தின் வேலை, சூட்டில் உலோகத்தின் மேல் படியும் மாசை நீக்கி, பற்றாசு பரவி ஒட்ட வழி செய்வது. மின் வேலையில் இந்தப் பணியைச் செய்யும் பொருளை பிளக்ஸ் என்கிறார்கள். இது பெரும்பாலும் பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் ரோசின்.

வாங்க வேண்டியவை இவை:

சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சோல்டரிங் அயன், 40 முதல் 60 வாட் வரை. நில இணைப்புள்ள மூன்று கால் பிளக் கொண்டதாக இருக்கட்டும். பழைய மின்சுற்றுகளுக்கு அது பாதுகாப்பு.

ரோசின் உள்ளீடு கொண்ட ஈயக்கம்பி, 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிமன். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த வகை 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். காரீயம் இல்லாத வகைக்கு ஏறத்தாழ 217 டிகிரி தேவை. பிளாஸ்டிக்குக்கு அருகில் வேலை செய்யும்போது குறைந்த சூட்டில் உருகும் வகை கைகொடுக்கும்.

தனியாகச் சிறிது ரோசின் பிளக்ஸ். தண்ணீர்க் குழாய் பற்றவைக்கும் அமிலப் பசையை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அது உள்ளேயே தங்கி, பேட்டரிக் காரம் செய்த அதே அழிவை மறுபடி செய்யும்.

சிறிய முதலைக் கவ்வி, இடுக்கி, வயர் வெட்டி, சூட்டில் சுருங்கும் குழாய்.

கோலாலம்பூரில் ஜாலான் பாசார் வட்டாரத்து மின்னணுப் பொருள் கடைகளிலும், சிங்கப்பூரில் சிம் லிம் டவரிலும் இவற்றை ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

ஈயக்கம்பியில் காரீயம் இருக்கிறது. வேலை செய்யும் மேசையில் சாப்பிட வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருக்க வேண்டாம். ரோசின் புகை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. சன்னலைத் திறந்து, புகை முகத்துக்கு வராதபடி விசிறியை வையுங்கள்.

பற்றவைக்கும் முறை

முதல் விதி: முடிந்தால் தகட்டைப் பிளாஸ்டிக்கிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். பல கேமராக்களில் தகடு ஒரு பள்ளத்தில் சொருகியோ, ஒரு திருகால் பிடித்தோ இருக்கும். வெளியே எடுத்துப் பற்றவைத்து, ஆறிய பிறகு மீண்டும் பொருத்தினால் பிளாஸ்டிக்குக்கு ஆபத்தே இல்லை. கேமராக்களில் அதிகம் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரியைத் தாண்டியதும் இளகத் தொடங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எடுக்க முடியாத தகடு என்றால், பற்றவைக்கும் இடத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே முதலைக் கவ்வியைக் கவ்வவிடுங்கள். சூட்டை அது இழுத்துக்கொள்ளும்.

இரண்டாவது விதி: தனித்தனியாக ஈயம் பூசி, பிறகு சேர்ப்பது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போலத்தான். தகட்டில் வயர் சேர வேண்டிய இடத்தைத் தேய்த்து, பிளக்ஸ் தடவி, மெல்லிய ஈயப்பூச்சு கொடுங்கள். வயரின் முனையை முறுக்கி, அதற்கும் ஈயம் பூசுங்கள். பூச்சு பரவாமல் உருண்டையாக நின்றால் அந்த இடம் இன்னும் சுத்தமாகவில்லை என்று பொருள். சூட்டைக் கூட்டிப் பயனில்லை. மறுபடி தேய்க்க வேண்டும்.

சுருங்கும் குழாய் போடுவதாக இருந்தால் அதை இப்போதே வயரில் கோத்துவிடுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அயனின் முனையை ஒன்றிரண்டு விநாடி வைத்து எடுங்கள். ஏற்கெனவே உள்ள ஈயம் இளகி ஒன்றாகிவிடும். அயனை எடுத்த பிறகும் ஈயம் இறுகும்வரை வயரை அசைக்கக் கூடாது. அசைந்தால் இணைப்பு வெளியே ஒட்டியதுபோல் இருந்து, உள்ளே விரிசலோடு நிற்கும். மூன்று விநாடிக்குள் சேரவில்லை என்றால் அயனை எடுத்துவிட்டு, முழுதாக ஆறவிட்டு, மீண்டும் முயலுங்கள்.

சூடு குறைவாக இருந்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. சூடு போதாத அயனை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தால், சூடு தகடு முழுவதும் பரவிப் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். அயனை 320 முதல் 350 டிகிரி வரை வைத்து, அகலமான முனையால் தொட்டுச் சட்டென்று எடுப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது விதி: பேட்டரி தொடும் பரப்பில் ஈயம் படக் கூடாது. ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் அமுங்கும், அதன்மேல் மாசு படியும். சுருள் வில்லாக இருந்தால் அதன் அடிவாலில் மட்டும் பற்றவையுங்கள். சுருள் பகுதி சூடேறினால் வில் தன் விறைப்பை இழந்து, பேட்டரியை அழுத்திப் பிடிக்காது.

ஈயம் ஒட்டாத தகடு

சில தகடுகள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. ரோசின் பிளக்ஸில் அவற்றின்மேல் ஈயம் ஒட்டாது. வேறு சில, அரித்து அரித்துச் சல்லடையாகியிருக்கும். இவற்றோடு போராடுவதைவிட மாற்றுவது மேல். கெட்டுப்போன பொம்மை, வானொலி, ரிமோட் ஆகியவற்றின் பேட்டரி அறையிலிருந்து தகட்டையும் வில்லையும் கழற்றி, அளவுக்கு வெட்டிப் பயன்படுத்தலாம். பித்தளை அல்லது பாஸ்பர் வெண்கலத் தகடு இதற்கு நன்றாக இருக்கும். தகட்டில் துளை இருந்தால், வயரின் முனையில் வளையம் இறுக்கித் திருகால் பிடிக்கவும் செய்யலாம். பற்றவைப்பதுதான் ஒரே வழி என்றில்லை.

பாதரசப் பேட்டரி போட்ட கேமராக்கள்

1966இல் வந்த மினோல்டா எஸ்ஆர்டி 101, 1972இல் வந்த கேனனெட் கியூஎல்17 ஜி-III போன்றவை பிஎக்ஸ்625 என்ற பாதரசப் பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது கடைசிவரை 1.35 வோல்ட் என்ற நிலையான அளவைக் கொடுத்தது. பாதரசத்தின் நச்சுத்தன்மை காரணமாக அது இப்போது விற்பனையில் இல்லை. 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடப்புக்கு வந்த மினமாத்தா உடன்படிக்கை பாதரசப் பொருள்களை உலக அளவில் கட்டுப்படுத்துகிறது.

அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட் கொடுத்து, தீரத் தீர இறங்கிக்கொண்டே போகும். வோல்ட் கூடும்போது, இத்தகைய பல கேமராக்களின் வெளிச்சமானி இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டும். அதை நம்பி எடுத்தால் படம் இருண்டு வரும்.

இதற்கு இரண்டு வழிகள். காது கேட்கும் கருவியில் போடும் 675 வகைத் துத்தநாகக் காற்றுப் பேட்டரி 1.4 வோல்ட் கொடுக்கும். அது சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு வளையம் வைக்க வேண்டும். ஒட்டுத்தாளை உரித்த பிறகு சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரைதான் வரும். மற்றொரு வழி, 1.55 வோல்ட் கொடுக்கும் சில்வர் ஆக்சைடு பேட்டரியைப் போட்டு, வயரின் நடுவே ஷாட்கி வகை டையோடு ஒன்றைப் பற்றவைப்பது. அது ஏறத்தாழ 0.2 வோல்ட்டைக் குறைத்துவிடும். பழுதுபட்ட வயரை எப்படியும் மாற்றப் போகிறோம் என்றால், இதையும் அதோடு செய்துகொள்ளலாம். டையோடில் கோடு போட்ட முனை மின்சாரம் வெளியேறும் பக்கம். திருப்பி வைத்தால் மின்சாரம் போகாது.

பழைய பாதரசப் பேட்டரி உள்ளே இருந்தால், வெறுங்கையால் தொடாமல் எடுத்து, பிளாஸ்டிக் பையில் மூடி, மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் விசாரித்து ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியிலும் நெருப்பிலும் போட வேண்டாம். சிங்கப்பூரில் 2021 ஜூலையில் தொடங்கிய மின்னணுக் கழிவுத் திட்டத்தில் வீட்டுப் பேட்டரிகளும் அடங்கும்.

மூடுவதற்கு முன் சோதனை

பற்றவைத்த இடத்தில் மிஞ்சிய பிளக்ஸை ஆல்கஹாலால் துடையுங்கள். வயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். மீண்டும் ஓம் அளவு: 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். நேர் முனைக்கும் எதிர் முனைக்கும் இடையே நேரடித் தொடர்பு உண்டாகவில்லை என்பதையும் பாருங்கள்.

அடுத்து, பேட்டரியைப் போட்டு வயரின் மறுமுனையில் வோல்ட்டை அளந்து, அதே நேரத்தில் கேமராவின் பேட்டரி சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். எண் சற்றே இறங்கினால் சரி. பெரிதாகச் சரிந்தால் எங்கோ இன்னும் அரிப்பு மிச்சமிருக்கிறது, அல்லது பேட்டரி பழையது. இது தெளிந்த பிறகே அடித்தகட்டை மூடுங்கள்.

கடையில் கொடுப்பவர்கள் கேட்க வேண்டியவை

எல்லாரும் அயன் பிடிக்க வேண்டியதில்லை. கடையில் கொடுப்பதாக இருந்தால், ஒழுகிய வயரையும் மாற்றித் தருவீர்களா, தகட்டை மட்டும் தேய்த்துத் தருவீர்களா என்று முதலிலேயே கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கூலியைப் பேசி முடித்த பிறகு பிரிக்கச் சொல்லுங்கள். "இதற்குப் பாகம் கிடைக்காது, தூக்கிப் போடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், கோளாறு ஷட்டரிலா, மின்பலகையிலா, பேட்டரி அறையிலா என்று கேளுங்கள். பேட்டரி அறை என்று பதில் வந்தால், இன்னொரு கடையிலும் காட்டிப் பாருங்கள். அந்த இடத்தில் வேண்டியது ஒரு துண்டு பித்தளையும் ஒரு துண்டு வயரும்தான்.

மறுபடி ஒழுகாமல் இருக்க

பொத்தான் பேட்டரி வாங்கும்போது ஆல்கலைனைவிடச் சில்வர் ஆக்சைடு மேல். எல்ஆர்44க்குப் பதில் எஸ்ஆர்44 என்று கேட்டு வாங்குங்கள். அதன் வோல்ட் நிலையாக இருக்கும், ஒழுகுவதும் குறைவு. பேட்டரி போட்ட தேதியைச் சிறு காகிதத்தில் எழுதிக் கேமராவின் அடியில் ஒட்டி வையுங்கள். தீபாவளிக்கு முன் ஒருமுறை, தைப்பூசத்துக்குப் பின் ஒருமுறை திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. தோல் உறையைத் தனியாக வைத்து, கேமராவைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

பழுதுபார்க்க இப்போது நேரமில்லை, கருவிகளும் இல்லை என்பவர்கள் ஒன்றை மட்டும் இன்றே செய்யலாம். அலமாரியில் உள்ள கேமராவை எடுத்து, பின்கதவைத் திறக்காமல், பேட்டரி அறையை மட்டும் திறந்து பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். அரிப்பு வேகமாகப் பரவுவதைத் தடுக்க அது ஒன்றே பெரிய உதவி. மற்ற வேலைகளைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.